உழைக்குமா, தாங்குமா, எத்தனை வருடம் வரும்? பொருளின் ஆயுளைக் கடையும் பொருளியலும் சட்டமும் பார்க்கும் விதம்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஜோடி 2,500 ரூபாய் வரையுள்ள காலணிகளுக்கு 5 சதவீத வரி வந்தது. முதல் வகைப் பொருட்களைச் செய்திகள் ‘நீடித்த நுகர்பொருட்கள்’ என்றே குறிப்பிட்டன. காலணிக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

வேலூரும் ஆம்பூரும் அடங்கிய பழைய வட ஆற்காட்டில் வாழ்பவர்களுக்கு இது குழப்பத்தையே தரும். மூன்றாம் கோடையில் கம்ப்ரஸர் போன ஏ.சி. ‘நீடித்த’ பொருள். பத்து ஆண்டு காலில் கிடந்த ஆம்பூர்த் தோல் செருப்பு அந்தப் பட்டியலில் இல்லை. இதில் செய்தி எழுதியவர்களின் தவறு ஒன்றுமில்லை. ‘நீடித்தல்’ என்ற சொல் கடையில் ஓர் அர்த்தத்திலும், பொருளியலில் வேறோர் அர்த்தத்திலும், சட்டத்தில் மூன்றாவது ஓர் அர்த்தத்திலும் புழங்குகிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைக் கேட்டு வாங்குவது, எதற்காக வழக்குப் போடுவது என்பது தெளிவாகும்.

நம் வாயில் ஏற்கெனவே உள்ள மூன்று சொற்கள்

பொருள் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் மூன்று விதமாகக் கேட்பார். மூன்றும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் அப்படியல்ல.

1. “தாங்குமா?” இது வலிமையைப் பற்றிய கேள்வி. எடை, வெயில், ஈரம், மடிப்பு, உராய்வு ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்குமா என்பது. பொறியாளரும் சோதனைக்கூடமும் பதில் சொல்ல வேண்டியது.

2. “எத்தனை வருடம் வரும்?” இது காலக் கணக்கு. கொடுக்கும் பணம் எத்தனை ஆண்டுக்குப் பிரிகிறது என்பது. பொருளியல் இங்கே நிற்கிறது.

3. “உழைக்குமா?” வாங்கிய வேலையை, வாங்கிய நாளில் செய்தது போலவே, வழக்கமான பயன்பாட்டில் செய்துகொண்டிருக்குமா என்பது. சட்டம் கேட்பது இதைத்தான். அதாவது, கேட்க வேண்டியது.

ஒரு பொருள் இவற்றில் ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்கலாம். கொல்லைப்புறத்தில் கிடக்கும் கருங்கல் ஆட்டுக்கல்லைப் பாருங்கள். இன்னும் நூறு ஆண்டு தாங்கும். ஆனால் வீட்டில் யாரும் அதில் மாவு ஆட்டுவதில்லை. உடல் அழியாமலே அதன் பயன்பாட்டு ஆயுள் முடிந்துவிட்டது. அது புழக்கத்தில் இருந்த நாளிலும் கல் தானாக உழைத்துவிடவில்லை. தேய்ந்து வழவழப்பான கல்லை, தெருவில் குரல் கொடுத்து வருபவரைக் கூப்பிட்டு, உளியால் கொத்தி மீண்டும் சொரசொரப்பாக்க வேண்டியிருந்தது. பராமரிப்பவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்ததும் ஆட்டுக்கல்லின் ஆயுளில் சேர்த்தி. இன்றைய பொருட்களில் நாம் இழந்ததில் பெரும் பங்கு இதுதான். பொருளும் பலவீனமாகிவிட்டது என்பார்கள், அது பாதி உண்மை. கொத்துகிறவர் இல்லாமல் போனது மறுபாதி.

தாங்குவது: ஒரு ஷூவுக்குள் பல ஆயுள்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் தோல் தொழில் பட்டையில் இந்தக் கேள்விக்குப் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பச்சைத் தோல் அழுகும் பொருள். தோலை அழுகாமல் ஆக்குவதுதான் பதனிடுதல். ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை போன்றவற்றின் துவர்ப்புச் சத்தை ஏற்றுவது பழைய முறை. குரோமிய உப்பை ஏற்றுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த முறை. இரண்டிலும் நடப்பது ஒன்றே: தோலில் உள்ள புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்படுகின்றன. பிணைப்பின் உறுதியைச் சூட்டை வைத்து அளக்கலாம். பதனிடாத தோல் அறுபது சொச்சம் டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கிவிடும். நன்கு குரோம் ஏறிய தோலைக் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. தொழிற்சாலைகளில் கொதிநீர்ச் சோதனை என்று அதைத்தான் செய்கிறார்கள்.

அப்பர் எனப்படும் மேல்தோல் அதன்பின் மடக்கும் இயந்திரத்துக்குப் போகிறது. நடக்கும்போது விரல்களுக்குப் பின்னால் விழும் மடிப்பை அந்த இயந்திரம் பல பத்தாயிரம் முறை போட்டுப் பார்க்கிறது. சோலுக்கு உராய்வுச் சோதனை, ஒட்டுக்கு இழுவைச் சோதனை. இவ்வளவும் தாண்டித்தான் பெட்டி கப்பலேறுகிறது.

இத்தனை சோதனையில் தேறிய ஷூவும் இறந்துபோகும் விதம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை ஒரு நாள் போட்டுவிட்டு, துடைத்து, பெட்டிக்குள் தாள் சுற்றி, பீரோவின் மேல் வைக்கிறார் மாப்பிள்ளை. ஐந்தாறு ஆண்டு கழித்துத் தம்பியின் கல்யாணத்துக்கு எடுக்கிறார். மேல்தோல் மின்னுகிறது. உள்ளே விலைச் சீட்டுகூட அப்படியே இருக்கிறது. மண்டபப் படி ஏறும்போது குதிகாலின் கீழ் ஏதோ நழுவுகிறது. திரும்பிப் பார்த்தால் படியில் கருப்புத் துகள்கள், ஈரம் கோத்த வெல்லக் கட்டி உதிர்ந்தது போல. கையால் கிள்ளினால் சோல் பிட்டுக்கொண்டு வருகிறது. பந்தி முடிவதற்குள் இரண்டு சோலும் போய்விடும்.

அது பாலியூரித்தேன் சோல். எடை குறைவு, மெத்தென்றிருக்கும், விலையும் தாங்கும். ஆனால் அதில் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது காற்றில் உள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து, தன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இழக்கிறது. நீராற்பகுப்பு என்று வேதியியல் பாடத்தில் படித்ததுதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வினை விரைகிறது. நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாலியீத்தர் வகைப் பாலியூரித்தேனும் ரப்பரும் இதை நன்றாகவே எதிர்க்கும். ஆனால் கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இரண்டு சோலுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

1. ஒரு பொருளின் ஆயுள் அதில் முதலில் போகும் பாகத்தின் ஆயுளே. அப்பர் பத்தாண்டு தாங்கி என்ன பயன்?

2. அந்தப் பாகத்தை மாற்ற முடிந்தால் கணக்கே மாறும். தைத்த சோலைப் பிரித்து வேறு சோல் வைத்துத் தைக்கலாம். அச்சில் வார்த்து மேல்தோலோடு ஒட்டிப்பிடித்த சோலுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. பழுது பார்க்கும் வசதி தனிச் சலுகையன்று, ஆயுளின் ஒரு பகுதி.

3. ‘வழக்கமான பயன்பாடு’ ஊருக்கு ஊர் வேறுபடும். வேலூரில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுளைப் பொதுவாக 25 டிகிரியை ஒட்டிக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஊட்டியில் விற்கும் பேட்டரிக்கும் வேலூர் சத்துவாச்சாரியில் விற்கும் பேட்டரிக்கும் வாரண்டி அட்டை மட்டும் ஒன்றுதான்.

நீடிக்கக் கூடாதது நீடித்த கதை

தோலின் ஆயுளைப் பற்றிப் பேசிவிட்டுப் பாலாற்றைப் பேசாமல் போவது இந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம்.

தோல் அழுகாமல் இருக்கத் தூவிய உப்பும், இழைகளைப் பிணைத்த குரோமியமும் தோலோடு நின்றுவிடவில்லை. கழிவுநீரில் கலந்து மண்ணுக்குள் இறங்கின. 1996 ஆகஸ்டில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், தீங்கு வரும் முன் தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. இன்று சுற்றுச்சூழல் வழக்கு எங்கு நடந்தாலும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது.

பொருளியல் இதைப் புறவிளைவு என்கிறது. ஷூவின் ஆயுளுக்கான விலையில் ஒரு பங்கை வாங்கியவரும் விற்றவரும் கொடுக்காமல், அந்தப் பேரத்தில் இடமே இல்லாத ஒருவர் கொடுப்பது. அந்த ஒருவர் கழனியை இழந்த விவசாயி. உப்பேறிய போர்வெல் நீரால் கீசரின் கம்பிச் சுருளை மீண்டும் மீண்டும் மாற்றும் வீட்டுக்காரரும் அவரே. ஒரு பொருளை நீடிக்கவைத்த உப்பு இன்னொரு பொருளின் ஆயுளைத் தின்கிறது. ‘இந்தப் பொருள் நீடித்து உழைக்கும்’ என்று யாராவது சொல்லும்போது யாருடைய செலவில் என்றும் கேட்க வேண்டும்.

வருவது: பொருளியல் எண்ணும் ஆண்டுகள்

முதலில், செய்தியில் வரும் அந்தச் சொல். நாடுகள் தங்கள் வருமானக் கணக்கை எழுதப் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் முறையில், ஓராண்டுக்கு மேல் திரும்பத் திரும்பவோ தொடர்ந்தோ பயன்படுத்தக்கூடிய பொருள் நீடித்த பொருள். உறுதியைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. அந்த முறையே காட்டும் நல்ல உதாரணம் நிலக்கரி: பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்தாலும் ஒரு முறைதான் எரிக்க முடியும், எனவே அது நீடிக்காத பொருள். துணியும் காலணியும் ‘அரை நீடித்தவை’ என்ற இடைப்பட்ட வகையில் வருகின்றன. ஆம்பூர் ஷூ பட்டியலில் விடுபட்டதன் காரணம் அவ்வளவே. எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் அது இடைப்பட்ட வகைதான்.

மத்திய புள்ளியியல் அமைச்சகம் மாதந்தோறும் வெளியிடும் தொழில் உற்பத்திக் குறியீட்டிலும் இதே பிரிப்பு உண்டு. 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் நீடித்த நுகர்பொருட்களுக்கு 12.84 சதவீதப் பங்கு, நீடிக்காதவற்றுக்கு 15.33 சதவீதம். தனித்தனியாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. அரிசியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. ஃப்ரிட்ஜைத் தள்ளிப்போடலாம். வருமானத்தைப் பற்றிய பயம் வந்தவுடன் குடும்பங்கள் முதலில் நிறுத்துவது நீடித்த பொருட்களை. அதனால் அந்த எண் மற்றவற்றைவிட வேகமாக விழும், வேகமாக எழும்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ‘மலிவாக வாங்கி அடிக்கடி மாற்றுவதைவிட ஒரேயடியாக நல்லதை வாங்குவதே லாபம்’ என்ற அறிவுரை எல்லோரும் சொல்வது. எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செருப்பு 400 ரூபாய், ஓராண்டு வரும். இன்னொன்று 1,500 ரூபாய், ஐந்தாண்டு வரும். மலிவானதை ஐந்து முறை வாங்கினால் 2,000 ரூபாய். நல்லதை வாங்கினால் 500 ரூபாய் மிச்சம். கையில் 1,500 ரூபாய் இருப்பவருக்கு இது சரியான கணக்கு.

கையில் 400 ரூபாய் மட்டும் இருப்பவர் மீதி 1,100 ரூபாயைக் கடன் வாங்க வேண்டும். நூற்றுக்கு மூன்று வட்டி என்று வைத்துக்கொள்வோம், மாதத்துக்கு. ஓராண்டு வட்டி 396 ரூபாய். இரண்டாம் ஆண்டு அவர் புதுச் செருப்பு வாங்காததால் மிச்சமாவது 400 ரூபாய். வட்டியைக் கட்டினால் கையில் நிற்பது நான்கு ரூபாய். மூன்றாம் ஆண்டும் ஏறக்குறைய அதே கதை. ஐந்தாம் ஆண்டு செருப்பு தேய்ந்து முடியும்போது அசலில் ஆயிரத்துக்கு மேல் அப்படியே நிற்கும். அவருக்கு மலிவான செருப்பே சரியான செருப்பு. நீடித்த பொருளை வாங்காத ஏழைக்கு விவரம் போதாது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். நீடித்துழைப்பு என்பது எதிர்காலத்துக்கு இன்றே பணம் கட்டுவது. கடன் எவ்வளவு விலைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அது கட்டுப்படியாகிறது.

தயாரிப்பவர் பக்கம் மூன்று காரணங்கள் வேலை செய்கின்றன.

1. தனக்குத் தானே போட்டி. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் கோஸ் 1972இல் எடுத்துவைத்த வாதம் இது. அழியாத பொருளை ஒருவர் மட்டுமே விற்றாலும், இன்று விற்றது நாளையும் சந்தையில் இருக்கும். மீதிப் பேருக்கு விற்க அவர் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். அது தெரிந்த வாடிக்கையாளர் இன்று வாங்காமல் காத்திருப்பார். இதிலிருந்து தப்ப, விற்காமல் வாடகைக்கு விடலாம், அல்லது பொருளின் ஆயுளைக் குறைக்கலாம்.

2. கண்ணுக்குத் தெரியாத தரம். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கியது. நல்லதையும் மட்டத்தையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் நடுவாந்தர விலைக்கு மேல் தர மாட்டார். அந்த விலைக்கு நல்ல பொருள் கட்டாது, அது சந்தையைவிட்டு விலகும். ரப்பர் சோல் போடும் சிறு தயாரிப்பாளர், உதிரும் சோல் போடுபவரிடம் தோற்பது இப்படித்தான்.

3. கூட்டுச் சதி. அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 1924இல் ஜெனீவாவில் கூடிய பெரிய மின்விளக்கு நிறுவனங்கள், 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக்க உடன்பட்டன. கூடுதலாக எரியும் பல்பு தயாரித்தவருக்கு அபராதம் போட்டன. நீண்ட நாள் எரியும் இழை பல்பு அதே மின்சாரத்துக்குக் குறைந்த வெளிச்சமே தரும் என்ற நியாயமான காரணமும் அதில் கலந்திருந்தது. ஆனால் அந்தக் காரணம் மட்டும் என்றால் அபராதம் தேவைப்பட்டிருக்காது.

உழைப்பது: சட்டப் புத்தகத்தில் இல்லாத சொல்

இந்தியச் சட்டத்தில் வாங்குபவருக்கு ‘நீடித்துழைப்பு’ என்ற பெயரில் உரிமை எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகச் சில சட்டக் கூறுகள் சிதறிக் கிடக்கின்றன.

1. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. எந்த நோக்கத்துக்கு வாங்குகிறோம் என்று விற்பவருக்குத் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். விவரிப்பைக் கேட்டு வணிகரிடம் வாங்கினால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனைகள் இவை. ஒரு விலக்கும் உண்டு: வாங்கும் முன் பார்த்துச் சோதித்தவர், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னால் சொல்ல முடியாது. தையல் பிரிந்திருந்தது தெரிந்திருக்க வேண்டும். சோலின் வேதியியல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

2. வாரண்டியும் கியாரண்டியும். கெட்டால் மாற்றித் தருவது கியாரண்டி, பழுது பார்த்துத் தருவது வாரண்டி என்பது கடைவீதி வழக்கு. சட்டத்தில் அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் கியாரண்டி என்பது மூன்றாமவரின் கடனுக்கு நிற்கும் ஜாமீன். சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாரண்டி என்பது துணை உறுதிமொழி. அதை மீறினால் நஷ்ட ஈடு கேட்கலாம், சரக்கையே மறுக்க முடியாது. எனவே அட்டையின் தலைப்பைவிட உள்ளே எழுதியிருப்பதே முக்கியம்.

3. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தரம், அளவு, வீரியம், தூய்மை, தரநிர்ணயம் ஆகியவற்றில் உள்ள குறையே இதில் ‘குறைபாடு’. ஆயுள் என்ற சொல் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் நேர்மையற்ற வணிக நடைமுறைகள் பகுதியில், தகுந்த சோதனையின் அடிப்படையில் அல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுட்காலத்துக்கோ பொதுமக்களுக்கு உத்தரவாதம் தருவது தவறு என்று இருக்கிறது. ‘பத்தாண்டு உழைக்கும்’ என்று விளம்பரம் செய்பவரிடம், எந்தச் சோதனையை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்கும் உரிமை இதிலிருந்தே பிறக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பகுதியில் வருகிறது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கொள்ள வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் கடைக்காரர்களுக்கு இது தெரிவதில்லை.

4. பொருள் பொறுப்பு. குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் ஈடுசெய்ய வேண்டிய கடமை இது. புதுச் சட்டத்தின் பெருமையாகப் பேசப்படும் பகுதி. ஆனால் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் இதில் ‘தீங்கு’ ஆகாது. மண்டபப் படியில் சோல் உதிர்ந்ததற்கு இந்தப் பகுதி உதவாது. உதிர்ந்த சோலில் வழுக்கிக் கால் முறிந்தால் உதவும்.

5. காலவரம்பு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை முதலில் அழைத்துப் பார்ப்பது நல்லது.

வாரண்டிக் காலம் பொருளின் ஆயுள் அல்ல. தயாரிப்பாளர் தன் கைக்காசில் பழுது பார்க்க ஒத்துக்கொண்ட காலம் மட்டுமே. அது முடிந்ததாலேயே மேலே சொன்னவை முடிந்துவிடுவதில்லை. ஆனால் குறை தொழிற்சாலையிலேயே இருந்தது என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில் விழுகிறது. ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். உதிர்ந்த சோலைக் குப்பையில் போட்டுவிட்டவருக்கு அனுப்ப எதுவும் இருக்காது.

ஒரே ஷூ, இரண்டு சட்டங்கள்

ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. அதே வரிசையில் மிஞ்சியது, சிறு பிசகால் கழிக்கப்பட்டது, ஊர்க் கடைகளில் மலிவு விலைக்கு வருகிறது. தைத்தவர் கையும் தோலும் அச்சும் ஒன்றே.

ஜெர்மனியில் அதை வாங்குபவரைக் காப்பது 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். வழக்கமான பயன்பாட்டில் தன் செயல்பாட்டையும் திறனையும் தக்கவைத்துக்கொள்ளும் தன்மை என்று நீடித்துழைப்புக்கு அது நேராக விளக்கம் தருகிறது. பொருளிடம் நியாயமாக எதிர்பார்க்க வேண்டியவற்றில் அதையும் சேர்க்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு விற்பவர் பொறுப்பு. முதல் ஓராண்டில் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். நம் 1930ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அவர்கள் 1994இல் தங்கள் சட்டத்தைத் திருத்தி, தரத்தின் கூறுகளில் ஒன்றாக நீடித்துழைப்பைப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். 2015ஆம் ஆண்டின் புதுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நாம் மூலத்தைப் பார்த்து எழுதிய அந்த வரிகளோடு நின்றுவிட்டோம்.

எனவே அந்த ஷூவைத் தைத்த பெண் தொழிலாளி, அதன் இரட்டைப் பிறவியைத் தன் மகனுக்கு ஆம்பூரிலேயே வாங்கினால், ஐரோப்பியருக்கு உள்ள உரிமையில் பாதிகூட அவருக்கு இல்லை. இது அநியாயம். திருத்துவதும் கடினமல்ல. குறைபாடு என்பதன் விளக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும், நிரூபிக்கும் பாரத்தை முதல் சில மாதங்களுக்காவது விற்பவர் பக்கம் மாற்ற வேண்டும்.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் தகவல் தருவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் புது செல்போனின் பேட்டரி, 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும் என்பது விதி.

அரசிடம் இருக்கும் எண்

2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு தயாரிப்பாளர் இந்த ஆண்டு எவ்வளவு கழிவை மறுசுழற்சி செய்ய வேண்டும் என்பதை, அவர் இத்தனை ஆண்டுக்கு முன் தயாரித்த அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த ‘இத்தனை ஆண்டு’ என்பது பொருளின் சராசரி ஆயுள். ஃப்ரிட்ஜுக்கு ஓர் எண், செல்போனுக்கு ஓர் எண் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஒரு ஃப்ரிட்ஜ் எத்தனை வருடம் வரும் என்பது அரசுக்குத் தெரியும், தயாரிப்பாளருக்கும் தெரியும். பொருள் குப்பையான பிறகு அந்த எண்ணுக்குச் சட்ட மதிப்பு இருக்கிறது. வாங்குகிற நாளில், பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில் அதை அச்சிட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திரம் ஒட்டத் தெரிந்த நமக்கு ஆயுளை ஒட்டுவதா கடினம்?

அதுவரை, கையில் இருக்கும் சட்டத்தைக் கொண்டே ஒன்று செய்யலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாட்டுக்கான விளக்கத்தின் கடைசியில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: தன் பொருளைப் பற்றி வணிகர் ‘எந்த விதத்தில்’ சொல்லியிருந்தாலும், அந்த அளவுக்குப் பொருள் வராவிட்டால் அது குறைபாடே. அச்சிட்ட அட்டையில் சொன்னதும் இதில் அடங்கும், வாயால் சொன்னதும் அடங்கும். காந்தி ரோட்டுக் கடையில் மிக்ஸியைக் கையில் எடுத்துக் காட்டி “ஐந்து வருடம் தாராளமாக வரும் அக்கா” என்று சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பின்னால் நிரூபிப்பதுதான் சிரமம். ஆகவே பில் போடும்போது, “நீங்கள் சொன்ன ஐந்து வருடத்தை இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் தம்பி” என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்தப் பில்லை வாரண்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள். பில்லின் மை ஓராண்டில் மங்கிவிடும் என்பதால் அன்றே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதத் தயங்கினால் அடுத்த கடையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.